சுடர் உட்கார்ந்த வாசல்

நாய்க்குச் சாப்பாடு வைப்பவன் முதலில் தன் வயிற்றைக் கவனித்துவிட வேண்டும். பசியோடு இருப்பவன் கை அவசரப்படும். அந்த அவசரம் நாய்க்கும் தொற்றிக்கொள்ளும். மோப்ப நாய்ப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நீங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். சட்டைக் காலரில் கறை தெரிகிறது. நானும் சாப்பிட்டாயிற்று. ஆகவே நிதானமாகப் பேசலாம்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என்மேல் விரோதம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் எனக்கு உதவத்தான் வந்திருக்கிறீர்கள். சற்றுமுன் நீங்கள் படித்துக் காட்டிய அறிக்கையின்படி யார்மீதும் குற்றமில்லை. லாக்கப்பில் இருந்த மோட்டார் மெக்கானிக் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்தான். அவனைக் கைதுசெய்யக் காரணமாக இருந்த மோப்ப நாய் சுடர், வயதாகி மோப்பம் கெட்டு, தவறான ஆளைக் காட்டிவிட்டது. பிறகு அதுவும் தெரியாமல் எலி மருந்தைத் தின்று செத்தது. ஆளும் போனான், நாயும் போயிற்று, விவகாரம் முடிந்தது. கீழே நான் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே வேலைக்குத் திரும்பலாம்.

வழுக்கி விழுந்தான் என்பதற்கு வேண்டுமானால் போடுகிறேன். எலி மருந்துக்கும் போடுகிறேன். மோப்பம் கெட்ட நாய் என்ற வரிக்கு மட்டும் போட மாட்டேன். எய்தவன் இருக்க அம்பை நோவதா? உயிரோடு இருந்தவரை அவள் ஒரு முறைகூடத் தவறான ஆளைக் காட்டியதில்லை. காட்டியதெல்லாம் நான்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. கேட்க மட்டும் செய்யுங்கள்.

சுடர் என்னிடம் வந்தபோது இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி. எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மனைவியின் தம்பியைத்தான் அவன் பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து கூட வைத்து வளர்த்தோம். அவனை வளர்த்தது அவள். சுடரை வளர்த்தது நான். வீட்டில் அப்படி ஒரு பாகப்பிரிவினை. லீவு நாட்களில் சுடரைப் போலீஸ் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனால் மனைவி வாசலிலேயே மறித்துவிடுவாள். “நாய் முடி பால்ல விழுந்தா யாருங்க குடிப்பா?” என்பாள். சுடரும் மரியாதை தெரிந்தவள், வாசலைத் தாண்ட மாட்டாள்.

எங்கள் வேலை எளிமையானது. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துணியையோ செருப்பையோ அவள் முகர்வாள். வாசனை போகிற வழியே போவாள். ஆள் அகப்பட்டதும் அவன் எதிரில் உட்கார வேண்டும். குரைக்கக் கூடாது, பாயக் கூடாது. உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும். நான் பையிலிருந்து ரப்பர் பந்தை எடுத்துப் போடுவேன். அவளுக்குத் திருடனும் கிடையாது, கொலைகாரனும் கிடையாது. பந்து உண்டு, நான் உண்டு.

நாயைப் பற்றிப் பழமொழி சொன்னவர்கள் யாரும் நாய் வளர்த்தவர்கள் இல்லை. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். வாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கழுத்து நம் பக்கம் திரும்பினால் போதாதா? சுடரின் கழுத்து எப்போதும் என் பக்கம்தான் இருந்தது. நான் மூச்சைப் பிடித்தால் நிற்பாள். கயிற்றின் மேல் என் கட்டைவிரல் அழுந்தினால் உட்காருவாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எப்போதோ ஆள் அகப்பட்ட பரபரப்பில் என் விரல் தானாக அழுந்தியிருக்கிறது, அதை அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். இது எனக்கு விளங்கிய அன்று தூக்கம் வரவில்லை. பயத்தினால் இல்லை, பெருமையினால்.

அந்த விரலுக்கு முதலில் வேலை கொடுத்தவர் இன்ஸ்பெக்டர். பள்ளிக்கூடத்தில் கணினிகள் களவு போயின. ரயில் பாதைக்கு அந்தப் புறம் தகரக் கூரைகளாக ஒரு குடியிருப்பு இருக்கிறதல்லவா, அதை ஸ்டேஷனில் ‘அந்தப்பக்கம்’ என்றுதான் சொல்வோம். எது காணாமல் போனாலும் ஜீப் அங்கே திரும்பிவிடும். அன்றைக்கு நான் இன்னும் சுடருக்கு மார்ப்பட்டை மாட்டி முடிக்கவில்லை.

“நாய் எந்தப் பக்கம் போகும்யா?” என்றார்.

“மோப்பம் போற பக்கம் சார்.”

“அந்தப்பக்கம் போகும்னு தோணுது.”

“போகலாம் சார்.”

“லாம் எல்லாம் வேணாம். மேல கேக்குறவங்களுக்கு நான் என்ன லாம்னா பதில் சொல்ல முடியும்?”

சுடர் காவலாளியின் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் கயிற்றை இழுத்துப் பாதையைக் கடந்தேன். ஒரு பெயின்டர் வீட்டு வாசலில் கட்டைவிரலை அழுத்தினேன். அவள் உட்கார்ந்தாள். பெயின்டரை ஜீப்பில் ஏற்றினார்கள். பிறகு அந்தக் கணினிகள் காவலாளியின் மாமனார் வீட்டில் கிடைத்தன. பெயின்டருக்குத் தோள் மூட்டு பழையபடி ஆகவில்லை. கை பாதிக்கு மேல் தூக்காது என்பதால் சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் அவனைக் கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி. “இதுல மாட்டலைன்னா வேற எதுலயாவது மாட்டியிருப்பான்,” என்றார் இன்ஸ்பெக்டர். யோசித்துப் பார்த்தேன். மறுக்க முடியவில்லை. எல்லோரும் எதிலாவது மாட்டக்கூடியவர்கள்தான்.

அதன்பிறகு அடிக்கடி கேட்டார். நானும் அழுத்தினேன். மனிதன் சாட்சி சொன்னால் வக்கீல் குறுக்கே கேள்வி கேட்பான். நாயிடம் எவன் கேட்பான்? நாய்க்குக் கட்சி இல்லை, லஞ்சம் இல்லை என்று ஒரு நீதிபதியே மெச்சியிருக்கிறார். அவள் உட்கார்ந்த வாசலுக்கு வாரண்ட் யாரும் கேட்கவில்லை. கதவைத் தள்ளினார்கள், பெட்டியைக் கவிழ்த்தார்கள், படுத்திருப்பவரை எழுப்பிப் பாயை உதறினார்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். யாரையும் ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை.

அந்தப்பக்கத்து ஆட்களுக்கு நன்றியென்று ஒன்று கிடையாது. எங்களைப் பார்த்ததும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். என்னை ‘நாய்க்காரன்’ என்பார்கள். ஒருமுறை நாங்கள் நகர்ந்ததும் ஒரு பெண்பிள்ளை பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து சுடர் உட்கார்ந்த இடத்தைக் கழுவிவிட்டாள். சுடரை நான் வாரம் தவறாமல் சோப்பு போட்டுக் குளிப்பாட்டுகிறவன். மனசுக்குச் சங்கடமாக இருந்தது.

இப்போது மெக்கானிக்கிடம் வருகிறேன். அந்தப்பக்கத்துச் சந்தின் முனையில் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கொட்டகை வைத்திருந்தான். தாய் தகப்பன் இல்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா அவனை ஆளாக்கியிருந்தார். ஒரு நாள் காலையில், திருடுபோன செல்போன்களைத் தேடி, அவன் கொட்டகைக்கு அடுத்த வீட்டு வாசலில் சுடரை உட்காரவைத்தேன். வீட்டுக்காரர் நடுங்கிக்கொண்டு நின்றார். இவன் கையில் ஸ்பேனரோடு எழுந்து வந்தான். வாசலுக்குக் குறுக்கே நின்றான்.

“சார், வாரண்ட் இருக்கா?”

“நாய் உக்காந்திருக்கு, கண்ணு தெரியல?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கால் வலிச்சா நாய் உக்காரும் சார். வாரண்ட்ல கையெழுத்துப் போட்டது யாருன்னு கேக்குறேன். நாயா?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் கான்ஸ்டபிள் ஒருவனும் சிரித்துவிட்டு இருமினான். அதோடு விட்டிருந்தால் அது இன்ஸ்பெக்டருக்கும் அவனுக்கும் உள்ள வழக்காகப் போயிருக்கும். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான்.

“அண்ணே,” என்றான், “அந்தக் கட்டைவெரலக் கொஞ்சம் எடுங்க. நாய் எந்திரிச்சிடும்.”

குரலில் கோபம்கூட இல்லை. ஓடாத மோட்டாரைப் பார்த்து எங்கே கோளாறு என்று சொல்கிற குரல். நான் எடுக்கவில்லை. ஆனால் விரல் வியர்த்து வழுக்கியது. சுடர் எழுந்துவிட்டாள். எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு அவன் செருப்பை முகர்ந்தாள்.

அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினோம். இன்ஸ்பெக்டருக்கே அதுவரை விஷயம் எப்படி நடக்கிறதென்று தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை. என் உடம்புக்கும் என் நாய்க்கும் நடுவில் இருந்த ஒன்றை, கிரீஸ் கையோடு எவனோ தொட்டுவிட்டது போல இருந்தது எனக்கு.

அதன்பிறகு அவன் கொட்டகையில் கூட்டம் போட ஆரம்பித்தான். ஒரு வக்கீலம்மா வருவார். போலீஸ் வந்தால் என்ன கேட்கலாம், கூட்டிப்போனால் யாருக்குச் சொல்ல வேண்டும், வெற்றுத்தாளில் ஏன் கையெழுத்துப் போடக் கூடாது என்றெல்லாம் பாடம். நான் சாதாரண உடையில் ஒருமுறை வெளியே நின்று கேட்டேன். அந்தக் கீழ்ப்பாதிச் சுவர் பெயின்டர் முன்வரிசையில் உட்கார்ந்து, “எந்தக் காரணத்துக்காகக் கூப்பிடுறீங்க?” என்று சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். அடுத்த தடவை நாங்கள் போனபோது சுடர் உட்கார்ந்தாள், கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து பெயரும் காரணமும் கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறும்போது, “நாக்கு நீளமாயிடுச்சு. அளவெடுக்கணும்,” என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் பெரிய தெருவில், மாடி வீட்டில் தனியாக இருந்த கிழவி படிக்கட்டின் அடியில் செத்துக் கிடந்தாள். பீரோ உடைத்திருந்தது. கழுத்தில் சங்கிலியை அறுத்த கீறல். திருடன் கையைத் துடைத்துப் போட்ட துண்டு ஒன்று சமையலறையில் கிடந்தது. அதைச் சுடரின் மூக்கருகில் பிடித்தேன்.

அவள் தயங்கவே இல்லை. பின்கதவு வழியாக இறங்கினாள், பஸ் நிறுத்தத்தைத் தாண்டினாள். மோப்பம் பிடிக்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கூடாது என்பதால் கான்ஸ்டபிள்கள் ஒரு தெரு தள்ளி வந்தார்கள். ரயில் பாதைப் பக்கம் அவள் திரும்பவில்லை. போலீஸ் குடியிருப்புக்குள் நுழைந்தாள். மாடிப்படி ஏறினாள். என் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கதவைத் திறந்தது மைத்துனன். நாய் தன் எதிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். புறங்கையில் நகக்கீறல் இருந்தது. போன வாரம் கிழவி வீட்டில் மின்விசிறி மாட்டிக்கொடுத்தவன் அவன்தான்.

“மாமா,” என்றான். “தெரியாம ஆயிடுச்சு மாமா. கிழவி கத்துச்சு.”

அவனுக்குப் பின்னால் என் மனைவி நின்றாள். துவைத்துப் பிழிந்த அவன் சட்டை அவள் கையில் இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அந்தச் சட்டை ஆடியதை நான் பார்த்தேன்.

“உள்ள போ. கதவச் சாத்து,” என்றேன்.

சுடர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்துக்காக. நான் கொடுக்கவில்லை. சரியான ஆளைக் காட்டி அவள் பந்து வாங்காதது அன்றைக்குத்தான்.

கீழே கான்ஸ்டபிள்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். “என்னண்ணே, தண்ணி குடிக்க வீட்டுக்கு வந்துட்டாளா?” என்று ஒருவன் கேட்டான். “ஆமா, வீட்டு ஞாபகம்,” என்றேன். அவளை இழுத்துக்கொண்டு ரயில் பாதையைக் கடந்தேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நகம் தேயத் தேய வந்தாள். அப்படி அவளை இழுத்தது எனக்கே கஷ்டமாக இருந்தது.

மெக்கானிக் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். அவன் எதிரில் நின்று கட்டைவிரலை அழுத்தினேன். அவள் உட்காரவில்லை. மறுபடி அழுத்தினேன். என் முகத்தைப் பார்த்தாள். நாய்க்குச் சந்தேகம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதுவரை நம்பியிருக்க மாட்டேன். இன்னொரு முறை, கயிறு உள்ளங்கையை அறுக்கிற அளவுக்கு அழுத்தினேன். உட்கார்ந்தாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அவன் என் விரலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “வேணாம்ணே,” என்றான், மெதுவாக. பின்னால் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி என் தோளைத் தட்டினார். என் வீட்டு வாசலைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, எனக்கு ஒரு வாசல் மாற வேண்டியிருந்தது. இருவர் காரியமும் ஒரே கயிற்றில் முடிந்தது.

அவனை என்ன செய்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் நாய்ப் பிரிவு. கூண்டுகள் ஸ்டேஷனுக்குப் பின்புறம் இருக்கின்றன, அவ்வளவுதான். மத்தியானம் ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டுச் சுடர் கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். வைத்ததைத் தொடவில்லை. அவள் காது நுணுக்கம். நமக்கு முனகலாகக் கேட்பது அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எழுந்து போனேன். பின்பக்க ஜன்னல் திறந்திருந்தது.

“நாய் பயப்படுது, கொஞ்சம் ஜன்னலச் சாத்திக்கிறீங்களா?” என்றேன்.

உள்ளே யாருக்கும் கை ஓய்வாக இல்லை. தரையில் கிடந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒரு கண் மூடிப்போயிருந்தது. “அண்ணே, சொல்லுங்கண்ணே,” என்றான். “நீங்க சொன்னா விட்டுடுவாங்கண்ணே.”

அது உண்மைதான். நான் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். ஜன்னலை நானே வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினேன். திரும்பி வந்தபோது சுடர் படுத்திருந்தாள்.

காலையில் அவன் இறந்துபோயிருந்தான். வழுக்கி விழுந்தான் என்றார்கள். அந்த வாரம் ஸ்டேஷன் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. குளியலறைத் தரை சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. அந்த மோட்டார் கெட்டால் வழக்கமாக யாரைக் கூப்பிடுவோம் தெரியுமா? அவனைத்தான். நீங்கள் அறிக்கையைத் திருத்துவதாக இருந்தால், வழுக்கியதற்கு வேறு ஏதாவது காரணம் போட்டுக்கொள்ளுங்கள். இது உதவிக்காகச் சொல்கிறேன்.

அந்தப்பக்கமே திரண்டு வந்து ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தது. கல் வீசுவார்கள் என்று காத்திருந்தோம். வீசவில்லை. வக்கீலம்மா நீதிமன்றத்துக்குப் போனார். நாய் சொன்னதை வைத்துத்தானே பிடித்தீர்கள், அந்த நாயைச் சோதித்துப் பார்க்கலாம் என்று கேட்டார். கயிற்றை வேறு ஊர் ஆள் பிடிக்க வேண்டும். அதே துண்டு. கிழவி வீட்டுக்குச் சமீபத்தில் போய்வந்த எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும்: பால்காரர், வேலைக்காரப் பெண், மின்விசிறி மாட்டியவன். நீதிபதி ஒத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரித்தார், “கெழட்டு நாய், எவன் முன்னாலயாவது உக்காரும். கொழப்பிவிட்டுடலாம்,” என்றார். ஸ்டேஷனில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். சுடர் யார் முன்னால் போய் உட்காருவாள் என்பதில் எனக்கு மட்டும் ஒரு துளி சந்தேகம் இல்லை.

வீட்டில் மனைவி எனக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அவன் நம்ம புள்ளைங்க.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“அது நாய்தானேங்க,” என்றாள்.

இருபுறமும் யோசித்துப் பார்த்தேன். மைத்துனனை வரிசையில் நிறுத்தாமல் தப்பிக்க வழியில்லை. சுடருக்கு உடம்பு சரியில்லை என்றால் சோதனையைத் தள்ளிவைப்பார்கள், அவ்வளவுதான். புதியவன் கையில் அவளைக் கொடுத்து, அவன் பந்து போட அவள் வாலாட்டுவதையும் நான் பார்க்க வேண்டியிருக்கும். சோதனைக்கு முந்தின நாள் காலையில் இறைச்சியை நானே நறுக்கினேன். மருந்தை நடுவில் வைத்து உருட்டினேன். அவள் முகர்ந்து பார்த்தாள். மோப்பம் கெட்ட நாய் என்று எழுதியிருக்கிறீர்களே, அவளுக்கு முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. ஓரடி பின்வாங்கி, என்னைப் பார்த்தாள். நான், “சாப்பிடு,” என்றேன். சாப்பிட்டாள்.

கடைசிவரை அவள் தலை என் மடியில்தான் இருந்தது. பந்தை அவள் முன்னங்கால்களுக்கு நடுவே வைத்தேன். எட்டிப் பிடிக்க முடியவில்லை. கால்நடை மருத்துவருக்கு எல்லாம் புரிந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனிதர், பென்ஷன் பக்கத்தில் இருக்கிறது. மைத்துனன் அன்றைக்கே வெளியூர் போய்விட்டான். நீங்கள் அவனைத் தேட மாட்டீர்கள் என்று தெரியும். தேடுவதாக இருந்தாலும் நாய் இல்லை.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். பெயின்டரில் தொடங்கி மெக்கானிக்வரை, நாய் காட்டிய ஆட்களை நாய் காட்டவில்லை. கயிற்றைப் பிடித்தவன் காட்டினான். கிழவியைக் கொன்றது யாரென்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே வேறொருவனைச் சாகக் கொடுத்தான். நாய்க்கு விஷம் வைத்ததும் அவன்தான். இதில் எந்த வரியிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சுடரைப் பற்றிய வரியை மட்டும் அடித்துவிட்டு, ‘கடைசிவரை மோப்பத் திறனில் குறைவில்லை’ என்று போடுங்கள். வீட்டில் மனைவி இனி எனக்குத் தட்டு வைக்க மாட்டாள் என்று தெரியும். இருக்கட்டும்.

அந்தப்பக்கத்து ஆட்கள் யாராவது என்னை மிரட்டினார்களா என்று ஆரம்பத்தில் கேட்டீர்கள். மிரட்டவில்லை. ஒருவர் வந்தார்.

சுடரைக் கூண்டுகளுக்குப் பின்னால் வேலியோரமாகப் புதைத்துவிட்டு, மண்வெட்டியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியிருந்தது. அழுதுகொண்டிருந்தேன், வாய்விட்டுத்தான் அழுதேன், பார்க்க யாரும் இல்லை என்று நினைத்து. நிமிர்ந்தபோது மெக்கானிக்கின் அக்கா நின்றார். தம்பியின் ஸ்பேனர் பையை ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டு பின்வழியாக வந்திருந்தார். சலவைக்கூடத்துச் சோடாவில் வெந்துபோன விரல்கள். பையை மார்போடு அணைத்திருந்தார்.

“நீங்கதானே நாய்க்காரரு?”

“ஆமாம்மா.”

காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

“உங்களப் பத்திச் சொல்லியிருக்கான். ‘அவரு கெட்டவரு இல்லக்கா, அந்த நாயப் பாத்துக்குற விதத்துலயே தெரியுது, என்னைக்காவது அவரே உண்மையச் சொல்லிடுவாரு’ன்னான்.” பையை மடியில் வைத்துக்கொண்டார். “நானும் இத்தன நாளா இந்த வாசல்ல உக்காந்து பாக்குறேன். உள்ள போறவன் வர்றவன் ஒருத்தன் முகத்துலயும் ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி போறான். நீங்க ஒருத்தராவது என் தம்பிக்காக அழுதீங்களேய்யா.”

கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். அவர் என் தலையில் கைவைத்தார். எங்களுக்கு நடுவில் கிடந்த ஈரமண் என்னவென்று அவர் கேட்கவில்லை.

நான் யாருக்காக அழுதேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. ஏற்கெனவே அடிபட்டிருக்கிற ஒருவரை உண்மையைச் சொல்லி மேலும் நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்தவர் வேதனையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. சின்ன வயதிலிருந்தே என் சுபாவம் அப்படி.